இடது நெற்றி

வீட்டில் அதற்குப் பள்ளம் என்று பெயர். யாரும் கூடிப் பேசி வைத்த பெயர் இல்லை. மருத்துவமனையிலிருந்து அவனை அழைத்துவந்த அன்று, மகள் கதவுக்குப் பின்னால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு பார்த்தாள். அப்பாவின் இடது நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு இல்லை. தோல் மட்டும் உள்வாங்கி, ஒரு கை தண்ணீரைத் தேக்கி வைக்கலாம் போலக் குழிந்து கிடந்தது. "அப்பா தலையில பள்ளம்" என்றாள். அத்தை பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்தினாள். அவன் மட்டும் சிரித்தான். மகள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தானா, வேறு எதற்காவதா என்று அவன் மனைவிக்குப் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் சிரிப்புக்குக் காரணம் தெரியாமல் அவள் நின்றது அன்றுதான் முதல் தடவை.

விபத்து என்று பார்த்தால் சின்னதுதான். பல்பு வாங்கக் கடைக்குப் போனவனைச் சாலையைக் கடக்கும்போது ஒரு ஸ்கூட்டர் இடித்துவிட்டது. ஸ்கூட்டர்காரனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. இவனுக்கு மூளை வீங்கியது. வீக்கத்துக்கு இடம் கொடுக்க முன்பக்க எலும்பில் ஒரு பகுதியைக் கழற்றி எடுத்தார்கள். பிறகு பொருத்தலாம் என்று பத்திரப்படுத்திய எலும்பில் கிருமி சேர்ந்துவிட்டது. இனி அது உதவாது என்றார்கள்.

அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நடுச்சாலையில் வண்டி நின்றுபோனதும் அழுகிறவர்கள், பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பவர்கள், எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்பவர்கள், எல்லாருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா, ஒண்ணும் ஆகல" என்பான். அவனிடம் கற்றவர்களுக்கெல்லாம் அவன் 'மெதுவா சார்'. நடை பழகிய வயதில் அவனது இடது காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று நின்ற மகளுக்கு அவன் வைத்த பெயர் கிளட்ச். "கிளட்ச விட்டாத்தானே வண்டி நகரும்" என்று காலை இழுத்துக்கொண்டே சமையலறைவரை நடப்பான்.

திரும்பி வந்தவன் கத்தினான். கரண்டி பாத்திரத்தில் பட்ட சத்தத்துக்குக் கத்தினான். கதவு திறந்திருந்ததற்கும் மூடியிருந்ததற்கும் கத்தினான். ஒரு நாள் மகள் பாடம் படித்துக்கொண்டே காலை ஆட்டினாள் என்று தண்ணீர்க் குவளையைத் தூக்கி எறிந்தான். அது அவள் காதோரமாகப் போய்ச் சுவரில் மோதியது. மகள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் பென்சிலைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அவளுக்கு முன்னால் மண்டியிட்ட தாய்க்கு அப்போது வாயில் வந்தது இதுதான்:

"அப்பா இல்லடா கண்ணு. பள்ளம்தான் கோவப்படுது. அப்பா உள்ளதான் இருக்காரு. அவருக்கே அது புடிக்கல."

மகள், "பள்ளத்துக்குக் காது கேக்குமா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு விதமான நிம்மதி வந்தது. இத்தனை சுலபமாக வந்துவிட்டதே என்று தாய்க்கே கூச்சமாக இருந்தது. "பள்ளம் இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவாள். "பள்ளம் தூங்குது, செருப்ப மெல்லக் கழட்டு." கத்தல் கேட்டால், "அதுக்குப் பசி போல" என்பாள். அத்தையும் சேர்ந்துகொண்டாள். தம்பிக்கு இப்படி ஆனதிலிருந்து தன் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே வந்து கிடந்தவள் அவள். காய் நறுக்கிக்கொண்டே பள்ளத்தைத் திட்டுவாள்: "எங்கேர்ந்துதான் வந்துச்சோ இந்தச் சனியன், என் தம்பி தலைல வந்து உக்காந்துக்கிச்சு." அவனும் சில நாள் குழியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "பள்ளம் டிவிய அணைக்கச் சொல்லுது" என்பான். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவன் மேல் அவளுக்கு இருந்த பிரியத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. கெட்டது எல்லாம் வெளியே, கண்ணுக்குத் தெரிகிற ஓர் இடத்தில் இருந்தது. அது ஒரு நாள் மூடப்பட்டுவிடும். அதை மூடப்போவது அம்மா.

ஏனென்றால் அம்மாவின் வேலையே அதுதான்.

அவள் வேலை செய்த இடத்தில் மண்டையோட்டுக்கும் தாடைக்கும் கன்னத்துக்கும் மாற்று எலும்பு செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில். உடம்பு சண்டை போடாத ஒரு கெட்டி பிளாஸ்டிக், அதில் வலுவுக்குக் கார்பன் இழைத் துணுக்கு, அக்கம்பக்கத்து எலும்பு வந்து பற்றிக்கொள்வதற்காக எலும்புத் தாதுவின் பொடி. மூன்றும் கலந்த கம்பி சுருள் சுருளாக வரும். இயந்திரம் அதை உருக்கி, மயிரிழைக் கனத்தில், ஓர் அடுக்கின் மேல் இன்னோர் அடுக்காகப் போட்டுக்கொண்டே இருக்கும். அந்த இயந்திரத்தின் உட்புறம் கொதிக்கும். அதைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லாரும் அடுப்பு அண்ணன் என்றார்கள். அவர் அந்த நிறுவனத்தை ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்பார். "வண்டிக்குச் செஞ்சா கேரண்டி கேப்பாங்க. நம்ம கஸ்டமர் பாவம், தலைய ஆட்டிக்கிட்டே போயிடுவாங்க. தலை ஆடுனாலே நமக்கு வெற்றிதான்."

அவள் வேலை அதற்கு முந்தைய கட்டம். ஸ்கேனிலிருந்து மண்டையோட்டைத் திரையில் எழுப்பி, இல்லாத பகுதிக்கு உருவம் கொடுப்பாள். இதில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல பக்கத்தைக் கண்ணாடியில் காட்டியதுபோலத் திருப்பி, கெட்ட பக்கத்தின் மேல் வைப்பார்கள். வலது நெற்றியே இடது நெற்றி ஆகிவிடும். ஓரங்களைச் சரிசெய்தால் வேலை முடிந்தது. அங்கே அதற்குக் கண்ணாடி போடுவது என்று பேர். மனித முகம் இரண்டு பக்கமும் ஒன்றல்ல என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த வித்தியாசத்துக்காக யாரும் வந்து சண்டை போட்டதில்லை. உயிர் பிழைத்தவர்கள் புருவ மேட்டைப் பற்றியெல்லாம் புகார் சொல்வதில்லை.

சொந்தக்காரர்களுக்கான வேலையை வேறு ஆள்தான் செய்ய வேண்டும். அவள் கெஞ்சிக் கேட்டு வாங்கினாள். வேலை முடிந்ததும் தானே ஒரு முறை பார்த்துக் கையெழுத்துப் போடுவதாக நிபந்தனை வைத்து, தலைமைப் பொறியாளர் அம்மாள் சம்மதித்தார்.

கண்ணாடி போட்டுப் பார்த்த அன்று திரையில் தெரிந்தவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மண்டையோட்டின் மேல் முகத்தோலையும் ஏற்றிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தான். சிலைக்கு இருக்கும் அழகு. அவன் இடது புருவ மேடு வலதைவிடத் தணிந்தது. நெற்றி அங்கே சற்றுச் சப்பையாக இறங்கும். அதனால் இடது புருவம் எப்போதும் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். யாரோ ஒரு நகைச்சுவையைப் பாதி சொல்லி நிறுத்தியிருப்பதுபோலவும், மீதிக்காக அவன் காத்திருப்பதுபோலவும் இருக்கும். பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் அவனைக் குறும்புக்காரன் என்று நினைத்ததே அந்த எலும்பால்தான். இப்போது திரையில் இருந்தவன் எதற்கும் காத்திருக்கவில்லை.

அவள் அதை அழித்தாள்.

பழைய புகைப்படங்களைக் கொண்டுவந்தாள். கடற்கரையில் கண்ணைச் சுருக்கியது, மகளின் பிறந்தநாளில் பலூன் ஊதியது, ஓட்டுநர் பள்ளி வாசலில் காரில் சாய்ந்து நின்றது. புகைப்படத்தில் தெரியாததை விரல்களிடம் கேட்டாள். கண்ணை மூடி, காற்றில் கை நீட்டி, இத்தனை வருடம் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிட்ட அந்த நெற்றியைத் தடவிப் பார்த்தாள். பக்கத்து இருக்கைக்காரர்கள் பார்க்காததுபோல் இருந்தார்கள். மேட்டை இறக்கினாள், பின் ஒரு துளி ஏற்றினாள், நெற்றிப்பொட்டுப் பக்கம் சரிவை மெலிதாக்கினாள்.

தலைமைப் பொறியாளர் அம்மாள் பின்னால் வந்து நின்றார். "கண்ணாடியே போதுமேம்மா. சர்ஜன் அதைத்தான் எதிர்பாக்குறாரு. வித்தியாசம் ஒரு நகக்கண் அளவு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் மேடம்."

"அவருக்குத் தெரியுமா?"

அவள் திரைப் பக்கம் திரும்பி, மேட்டை இன்னொரு துளி இறக்கினாள்.

அவள் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அறுவை மருத்துவரே சொல்லியிருந்தார்: எலும்பு இல்லாத இடத்தில் மூளையை வெளிக்காற்று அழுத்துகிறது, மூடியதும் சில பேருக்குப் பேச்சு தெளிவாகும், கவனம் திரும்பும், குணம்கூடக் கொஞ்சம் பழையபடி ஆகும். "சில பேருக்குத்தான். உங்க வீட்டுக்காரருக்கு அடிபட்டது முன்பக்க மூளைல. அடிபட்டது அடிபட்டதுதான். ரொம்ப எதிர்பாக்காதீங்க." அவள் அந்தப் பேச்சின் முன்பாதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். அவளுடைய உள்மனம் அதற்கும் மேலே ஒன்றை நினைத்திருந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த நெற்றி பழையபடி இருந்தால், அதற்குப் பின்னால் இருந்தவனும் தன் இடத்தை அடையாளம் கண்டு வந்து உட்கார்ந்துகொள்வான் என்று நினைத்தாள்.

இயந்திரத்திலிருந்து வந்த தகடு சாம்பல் கறுப்பாக இருந்தது. அடுப்பு அண்ணன் அதை உள்ளங்கையில் ஏந்தி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

கட்டுப் பிரித்த அன்று அத்தை சத்தம் போட்டு அழுதாள். "என் தம்பி வந்துட்டான், என் தம்பி வந்துட்டான்" என்று அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். மருத்துவர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, அவள் கொண்டுவந்திருந்த பழைய புகைப்படத்தை ஒரு முறை பார்த்து, மறுபடி அவனைப் பார்த்தார். "நான் எவ்வளவோ போட்டிருக்கேன்மா. இப்படிப் பாத்ததில்ல" என்றார். தையல் தழும்பு முடிக்குள் மறைந்துவிடும் என்றார். இடது புருவம் தூக்கிக்கொண்டு நின்றது. மகள் அவன் மடியில் ஏறி நெற்றியைத் தட்டிப் பார்த்து, "பள்ளம் போயே போச்சு!" என்று கத்தினாள்.

அவன், "டொக் டொக்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அன்று இரவு அவள் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். அதுதான் அவள் கடைசியாக அப்படி அழுதது.

கொஞ்ச நாள் அவன் களைப்பில் தூங்கினான். வீட்டின் அமைதியைக் குணம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு காலை, மகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், ஒற்றைச் சாக்ஸைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் குனிந்தவளின் தலை அவன் நாற்காலியில் இடித்தது. அவன் எழுந்தான்.

"அறிவிருக்கா உனக்கு? சனியனே! காலங்காத்தால உயிர எடுக்குறதுக்குன்னே பொறந்திருக்கா. போ, கண்ணு முன்னால நிக்காத!"

புருவம் அப்படியே தூக்கிக்கொண்டு நின்றது. விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று மகள் ஒரு கணம் சிரிக்கப் போனாள். அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் பாதியில் நின்றதை அவள் தாய் பார்த்தாள்.

தெருமுனைவரை இருவரும் நடந்தார்கள். பள்ளி வண்டி வருவதற்குள் மகள் கேட்டுவிட்டாள்.

"இப்ப யாரும்மா கோவப்படுறது?"

தாய் அவள் பையின் வாரைச் சரிசெய்தாள். வண்டி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவன் கத்துவது கூடியதா, அல்லது இருந்த அளவிலேயே இருந்து இப்போதுதான் காதில் விழுகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஊர் மட்டும் மாறிவிட்டது. முன்பு அவன் கடையில் வரிசையை உடைத்துக்கொண்டு போனால், கடைக்காரர் நெற்றியைப் பார்த்துவிட்டு, "சாருக்கு முதல்ல குடுப்பா" என்பார். பேருந்தில் ஒரு பெண்ணின் உடல் பருமனைப் பற்றி உரக்கச் சொன்னபோது அந்தப் பெண்ணே நெற்றியைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள். இப்போது அவன் அதையே சொன்னால் ஆட்கள் சட்டையைப் பிடிக்க வந்தார்கள். "பாத்தா டீசன்டா இருக்கான், வாயத் தொறந்தா சாக்கடை." அவள் குறுக்கே விழுந்து, தலையில் அடிபட்டவர், பெரிய ஆபரேஷன் என்று சொல்வாள். அவர்கள் அவன் முகத்தைத் தேடுவார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. பிறகு அவளைப் பார்ப்பார்கள்.

ஓட்டுநர் பள்ளி முதலாளி பார்க்க வந்தார். "நம்ம மெதுவா சார் அப்படியே இருக்காரேம்மா! மாப்பிள்ள மாதிரி இருக்காரு. எப்ப வர்றாரு?" வண்டி வேண்டாம், மருந்து சாப்பிடுகிறவர் என்று அவள் தடுத்தாள். வகுப்பில் உட்கார்ந்து சாலை விதிகள் மட்டும் சொல்லிக்கொடுக்கட்டும் என்று அவர் அழைத்துக்கொண்டு போனார். இரண்டாவது வகுப்பிலேயே ஒரு பெண் அழுதுகொண்டு வெளியே ஓடிவிட்டாள். முதலாளி தொலைபேசியில் சொன்னார்: "கோச்சுக்காதீங்கம்மா. உடம்பு முடியலன்னா நான் எவ்வளவு வேணும்னாலும் பொறுத்துப்பேன். இது உடம்பு இல்ல. இது திமிர். நல்லா ஆனதும் ஆளு மாறிட்டாரு."

நல்லா ஆனதும். அந்தச் சொல்லை அவள் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தை தன் வீட்டுக்குக் கிளம்பத் தயாரானாள்.

"இன்னும் கொஞ்ச நாள் இருங்க அண்ணி. எனக்கு ஒத்தையில முடியல."

"என்ன முடியல? அவன் நல்லாத்தானே இருக்கான். தானா குளிக்கிறான், தானா சாப்பிடுறான். நீதான் அவன நோயாளியாவே வச்சுக்கப் பாக்குறே."

"பாப்பாவ எப்படிப் பேசுறாருன்னு பாத்தீங்கல்ல?"

"ஆம்பளைக்குக் கோவம் வராதா? எத்தன நாளு வீட்லயே அடைஞ்சு கெடக்கிறான். எங்கப்பா பேசாத பேச்சா?" அத்தை பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. முன்னல்லாம் அவன் இப்படி இல்ல. வீட்டுல அனுசரணையா இருந்தா ஏன் கத்தப் போறான்?"

மனைவி அவனிடமே சொல்லிப் பார்த்தாள். மூளைப் பயிற்சிக்கு ஒரு நிபுணர் இருக்கிறார், வாரம் ஒரு முறை போய்வரலாம் என்றாள். அவன் குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தான்.

"எதுக்கு?"

"அடிபட்டதுல கொஞ்சம் கோவம் அதிகமாயிருக்குங்க. அது உங்க தப்பு இல்ல. சரிபண்ணலாம்னு சொல்றாங்க."

"எனக்குத்தான் சரியாயிடுச்சே." தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். "எங்க அடிபட்டிருக்கு, காட்டு."

அவளால் காட்ட முடியவில்லை. உலகத்தில் யாராலும் காட்ட முடியாதபடி அவள் செய்திருந்தாள்.

அலுவலகப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அழித்துவிட்ட அந்த இன்னொரு முகத்தை அவள் நினைத்துக்கொள்வாள். கண்ணாடி போட்டு விட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய முகம். அது அவனைப் போலவும் இருந்திருக்கும், இல்லாமலும் இருந்திருக்கும். பார்க்கிறவர்கள் ஒரு நொடி தயங்கியிருப்பார்கள். மகள்கூட, இது வேற அப்பா, அந்த அப்பா பள்ளத்தோடு போய்விட்டார் என்று ஒரு நாள் அழுது முடித்திருப்பாள். இரங்கல் சொல்ல ஓர் இடம் இருந்திருக்கும். அந்த ஒரு நொடித் தயக்கத்தைத்தான் நாள்கணக்காக உட்கார்ந்து இழைத்து இழைத்து எடுத்துப்போட்டாள். அவன்மேல் இருந்த பிரியத்தில் செய்தாளா, தன் கைத்திறன்மேல் இருந்த பிரியத்தில் செய்தாளா, இரண்டும் இல்லாமல் வெறும் பயத்தில் செய்தாளா என்று பிரித்துப் பார்க்க முயன்று தோற்றாள். நிறுவனத்தின் வரவேற்பறையில் அவன் படத்தை மாட்டியிருந்தார்கள், முன்பு ஒன்று, பின்பு ஒன்று. தினமும் அதைக் கடந்துதான் தன் இருக்கைக்குப் போக வேண்டும். பள்ளத்தோடு இருக்கும் படத்தைப் பார்த்தால்தான் அவளுக்கு நெஞ்சு கனிந்தது.

வீட்டில் மகள் கற்றுக்கொண்டுவிட்டாள். கரண்டியைத் துணியில் சுற்றி எடுத்தாள். அப்பா இருக்கும் அறையை ஓரமாகச் சுற்றி வந்தாள். தும்மல் வந்தால் வெளியே ஓடினாள். பள்ளம் என்ற சொல்லையே விட்டுவிட்டாள். ஒரு நாள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, ஒரு கணக்குக்கு விடை கண்டுபிடித்தவள்போலச் சாதாரணமாகச் சொன்னாள்:

"அப்பாவுக்கு என்னைப் புடிக்கலம்மா. அவ்வளவுதான். பள்ளத்துமேல சும்மா பழி போட்டோம்."

"அப்படியெல்லாம் இல்லடா!"

"இழுக்காதம்மா, முடி வலிக்குது."

அன்று அலுவலகத்தில் அவள் அவனுடைய ஸ்கேனைத் திறந்தாள். தகடு பொருத்துவதற்கு முந்தைய மண்டையோடு அப்படியே இருந்தது. அதைச் சாதாரண வெள்ளை பிளாஸ்டிக்கில், முழு அளவில், ஓட்டையோடு அச்சிட்டுத் தரும்படி அடுப்பு அண்ணனிடம் கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்டார்.

"வீட்டுக்கு."

"நல்லதில்லம்மா."

"தெரியும்ணா."

அவர் அச்சிட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் உள்ளே படுத்திருந்தான். அவள் மகளைக் கூடத்தில் உட்காரவைத்து, துணிப்பையிலிருந்து அதை எடுத்துத் தரையில் வைத்தாள். மகள் பயப்படவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இது அப்பாவோட மண்டை. உள்ள இப்பவும் இப்படித்தான் இருக்கு. பாரு, பள்ளம் எங்கயும் போகல. நான் அதுமேல ஒரு மூடி போட்டிருக்கேன், அவ்வளவுதான். உள்ளேர்ந்து இன்னும் அதுதான் கோவப்படுது. அப்பா இல்ல. புரியுதா?"

மகள் ஓட்டைக்குள் விரலை விட்டு ஓரத்தைச் சுற்றித் தடவினாள்.

"மூடி போட்டா சரியாயிடும்னு சொன்னே."

"சொன்னேன்."

"சரியாகலியா?"

"ஆகலடா."

"அப்ப எதுக்கும்மா மூடினே? தொறந்தே இருந்திருந்தா நமக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கும்ல?"

அதற்குள் அவன் எழுந்து வந்துவிட்டான். தூக்கம் கலையாத முகம். தரையில் இருந்ததைப் பார்த்தான். குனிந்து இரண்டு கையாலும் எடுத்தான். எறியப்போகிறான் என்று அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவன் எறியவில்லை. அதைத் திருப்பி, ஓட்டையைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல இளகியது. அவள் அதை அடையாளம் கண்டுகொண்டாள். நடுச்சாலையில் வண்டி நின்றுபோய் அழுகிறவர்களைப் பார்க்கிற முகம்.

"ஐயோ, பாவம்" என்றான். "யாரு இது?"

"நீங்கதாங்க." அவள் ஓட்டையைத் தொட்டுக் காட்டினாள். "இது உங்க தலைங்க. நல்லாப் பாருங்க. உங்களுக்கு அடிபட்டுது. நீங்க இன்னும்..."

அவன் சிரித்தான். "என் தல எங்கிட்டதான் இருக்கு." நெற்றியை விரல் முட்டியால் தட்டிக் காட்டினான். "இத்தன பெரிய ஓட்டைய வச்சிக்கிட்டு எவனாவது நடமாடுவானா? சின்ன வயசு போலிருக்கு. பொண்டாட்டி புள்ள இருக்கோ என்னவோ."

நாற்காலியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டான். ஓட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் நீவிக்கொடுத்துக்கொண்டே இருந்தான். நீவுகிற கை அவளுக்குத் தெரிந்த கை. ஜுரம் வந்தால் மகளின் தலையை அப்படித்தான் நீவுவான். மகளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயின் பிடியிலிருந்து நழுவி, சத்தம் வராமல் நடந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவன் முழங்காலில் மெல்லக் கை வைத்தாள்.

"ஏய், தள்ளி நில்லு! இடிச்சுத் தொலைக்காத. அதுவே அடிபட்டுக் கெடக்கு."

மகள் தள்ளி நின்றாள். அழவில்லை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, வெயில் படாமல் மண்டையோட்டைக் கையால் மறைத்துக்கொண்டான்.

அன்று முழுக்க அவன் கத்தவில்லை. சாயங்காலம் அவள் அதை எடுத்து வைக்கப் போனபோது கொடுக்க மாட்டேன் என்றுவிட்டான். சோபாவில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, ஓட்டை மேலே வரும்படி அதைச் சாய்த்து வைத்தான்.

சமையலறையில் அவள் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். மகள் வந்து அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். காதில் சொல்லவேண்டிய விஷயம் என்று குனியச் சொன்னாள்.

"அம்மா, என் தலையையும் ஸ்கேன் பண்ணி அதே மாதிரி செஞ்சு தர்றியா?"

"எதுக்குடா?"

"அப்பா பக்கத்துல வைக்க." மகள் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் மெதுவாகச் சொன்னாள். "பெரிய ஓட்டையா போடு."

அவள் குனிந்தபடியே இருந்தாள். கூடத்திலிருந்து அவன் குரல் கேட்டது. யாருக்கோ அவன் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான்.